புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி: ஊசி எத்தனை மாதம் தொடர வேண்டும்? எப்போது நிறுத்தலாம்? - திண்டுக்கல் குடும்பங்களின் கேள்விக்கு விளக்கம்

"டாக்டர், இன்னும் எத்தனை ஊசி?"

இம்யூனோதெரபி எடுக்கும் புற்றுநோயாளியின் வீட்டில் இருந்து கட்டாயம் வரும் கேள்வி இது. கீமோதெரபி என்றால் ஆறு தவணை, எட்டு தவணை என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். இம்யூனோதெரபியில் பல நேரம் அப்படி ஒரு எண்ணிக்கை சொல்லப்படுவதில்லை. "கேட்கிற வரைக்கும் போடுவோம்" என்பதுதான் பதிலாக இருக்கும். வயலை அடமானம் வைத்து முதல் ஊசி போட்ட குடும்பத்துக்கு இந்த பதில் போதுமா?

முற்றிய தோல் புற்றுநோயில்தான் இந்த மருந்துகள் முதலில் பெரிய வெற்றி கண்டன. எவ்வளவு நாள் கொடுப்பது என்ற விவாதமும் அங்கேதான் அதிகம் நடந்திருக்கிறது. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, திண்டுக்கல் மாதிரி ஊரில் இருந்து மதுரைக்கும் சென்னைக்கும் அலையும் குடும்பத்துக்கு அதில் என்ன இருக்கிறது? விரிவாக பார்க்கலாம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியம்?

இதுவரை இந்தியாவில் இம்யூனோதெரபி பணக்காரர்களின் மருந்தாகத்தான் இருந்தது. தேவைப்படும் நோயாளிகளில் 3 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அது கிடைக்கிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முக்கிய காரணம் விலை.

அந்த நிலைமை மெதுவாக மாறுகிறது. இந்த வகையில் பெயர் பெற்ற மருந்துகளில் ஒன்று நிவோலுமாப். இதன் இந்திய காப்புரிமை 2026 மே மாதத்தோடு முடிகிறது. அதற்கு முன்பே ஜைடஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை வைத்திருக்கும் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2025 ஜூலையில் தனி நீதிபதி ஜைடஸுக்கு தடை போட்டார். 2026 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதி கொடுத்தது. அதே மாதம் ஜைடஸ் தன் நிவோலுமாப் மருந்தை சந்தைக்கு கொண்டு வந்தது. விலை, அசல் மருந்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த டுர்வாலுமாப் மருந்துக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்டது. பின்னர் ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தது.

விலை குறையக் குறைய, நேற்று வரை "இது நமக்கு கட்டாது" என்று திரும்பிய குடும்பங்கள் முதல் ஊசி போட முன்வரும். அப்போது "போடலாமா?" என்ற கேள்வி போய், "எவ்வளவு நாள் போடணும்?" என்ற கேள்வி வரும்.

இந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது?

கீமோதெரபி மருந்து புற்றுநோய் செல்லை நேரடியாக கொல்லும். இம்யூனோதெரபி மருந்து புற்றுநோயை தொடுவதே இல்லை. நம் ரத்தத்தில் இருக்கும் டி செல் என்ற காவல்கார செல்களை அது அவிழ்த்துவிடுகிறது.

டி செல்லுக்கு ஒரு பிரேக் உண்டு. அது இல்லாவிட்டால் காவல்காரனே வீட்டுக்காரனை அடித்துவிடுவான். புற்றுநோய் செல் அந்த பிரேக்கை தந்திரமாக அழுத்தி, டி செல்லை நிறுத்தி வைத்துவிடும். பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4 என்பவை அப்படிப்பட்ட இரண்டு பிரேக்குகள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் முதல் பிரேக்கை விடுவிக்கும். இபிலிமுமாப் இரண்டாவதை விடுவிக்கும். இந்த பிரேக்குகள் பற்றிய ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

"எவ்வளவு நாள்" என்ற கேள்விக்கான விதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. டி செல்களுக்கு ஞாபகம் உண்டு. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியை உடம்பு பல வருஷம் நினைவில் வைத்திருப்பது மாதிரி, ஒருமுறை புற்றுநோயை அடையாளம் கண்டுகொண்ட டி செல்கள், மருந்து இல்லாமலும் வேலையை தொடரலாம். மருந்தும் உடனே போய்விடுவதில்லை. கடைசி ஊசிக்கு பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் டி செல்களின் மேல் ஒட்டியிருப்பது ஆய்வுகளில் தெரிந்தது.

அப்படீன்னா எதுக்கு வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்? உலகம் முழுக்க மருத்துவர்கள் கேட்டதும் இதைத்தான்.

நம்ம ஊரில் தோல் புற்றுநோய் வருமா?

வரும். ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு வருவது மாதிரி அல்ல. மெலனோமா எனப்படும் ஆபத்தான தோல் புற்றுநோய் அவர்களுக்கு பெரும்பாலும் வெயில் படும் தோலில் வரும். இந்தியர்களுக்கு அது அபூர்வம். வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, வாய், மூக்கு, ஆசனவாய் போன்ற இடங்களில்தான் அதிகம் வருகிறது. இதற்கு வெயில் காரணம் இல்லை. பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தது, கால் விரல் நகத்தடியில் தொடங்கிய இந்த வகை மெலனோமாவால்தான்.

வயலில் வெறுங்காலோடு நடந்து பழகிய ஊரில், உள்ளங்காலில் கருப்பாக ஒரு தடம் வந்தால் யாரும் பயப்படுவதில்லை. "முள்ளு குத்தியிருக்கும்", "கால் ஆணி", "செருப்பு கடி" என்று மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். பிளேடால் சீவி, மருந்து வைத்து கட்டுவதும் உண்டு. தொடையில் நெறி கட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும்போது நோய் பரவியிருக்கும்.

மெலனோமா தவிர, பல வருஷம் ஆறாத தீக்காயத் தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் இன்னொரு வகை தோல் புற்றுநோய் வருகிறது. இதன் முற்றிய நிலைக்கும் இம்யூனோதெரபி உண்டு. செமிப்லிமாப் என்ற மருந்துக்கு 2018 செப்டம்பரில் அமெரிக்கா இதற்கென ஒப்புதல் கொடுத்தது.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உள்ளங்கால், நகத்தடி மெலனோமாவில் இந்த மருந்துகள் வேலை செய்யும் அளவு, வெள்ளைக்காரர்களுக்கு வரும் தோல் மெலனோமாவை விட குறைவு. கீழே வரும் ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டு நோயாளிகளை வைத்து நடந்தவை. அந்த சதவீதங்களை அப்படியே நம் நோயாளிக்கு பொருத்திவிட முடியாது.

ஜிம்மி கார்ட்டர் எத்தனை மாதம் எடுத்தார்?

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில் 90 வயது. மெலனோமா கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவியிருப்பதாக அவரே அறிவித்தார். கல்லீரல் அறுவை சிகிச்சை, மூளையில் ரேடியேஷன், கூடவே பெம்ப்ரோலிசுமாப் ஊசி. அந்த டிசம்பரில் ஸ்கேனில் புற்றுநோய் தெரியவில்லை. 2016 மார்ச்சில், இனி சிகிச்சை தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதாக தெரிவித்தார்.

அதாவது சுமார் ஏழு மாதம்தான். அதன்பிறகு எட்டு வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 2024 டிசம்பர் 29-ல் தன் 100-வது வயதில் காலமானார்.

ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் விதி போட முடியாது. ஆனால் "நிறுத்தினால் உடனே திரும்பி வந்துவிடும்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது என்பதை உலகத்துக்கு காட்டிய உதாரணம் அவர்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2011-ல் இபிலிமுமாப், 2014-ல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று அடுத்தடுத்து மெலனோமாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் பரவிய மெலனோமா நோயாளிகளில் பாதிப்பேர் ஒரு வருஷம் கூட தாண்டுவதில்லை. 2024-ல் வெளியான பத்தாண்டு முடிவுகளை பார்த்தால் மாற்றம் புரியும். செக்மேட்-067 என்ற ஆய்வில் 945 பேர் இருந்தார்கள். நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களில் 37 சதவீதம். இபிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 19 சதவீதம்.

கால அளவுக்கு வருவோம். இதில் முக்கியமானது கீநோட்-006 என்ற ஆய்வு. 834 மெலனோமா நோயாளிகள் கலந்துகொண்ட அந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் அதிகபட்சம் இரண்டு வருஷம்தான் என்று முதலிலேயே வரையறுத்திருந்தார்கள். 103 பேர் இரண்டு வருஷத்தை முடித்து நிறுத்தினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் அவர்களில் 78 சதவீதம் பேருக்கு நோய் வளரவில்லை. மருந்து இல்லாமலேயே! இந்த ஆய்வின் பத்தாண்டு முடிவில், பெம்ப்ரோலிசுமாப் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இரண்டு வருஷம் கூட வேண்டாமா? 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் 185 மெலனோமா நோயாளிகளை பார்த்தது. நோய் வளர்ந்தோ, பக்கவிளைவு வந்தோ நிறுத்தியவர்கள் இல்லை. நல்லா இருக்கும்போதே, மருத்துவரோடு பேசி முடிவெடுத்து நிறுத்தியவர்கள். சராசரியாக ஒரு வருஷம்தான் மருந்து எடுத்திருந்தார்கள். நிறுத்தி சுமார் ஒன்றரை வருஷம் கவனித்ததில் 78 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை.

அந்த கணக்கை பிரித்து பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். நிறுத்தும் நேரத்தில்,

- ஸ்கேனில் கட்டி முழுசாக மறைந்திருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது.
- கட்டி சுருங்கி, ஆனால் மிச்சம் இருந்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு திரும்பியது.
- கட்டி வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை என்ற நிலையில் நிறுத்தியவர்களில் பாதிப்பேருக்கு திரும்பியது.

கட்டி மறைந்தவர்களிலும், ஆறு மாதத்துக்கும் குறைவாக மருந்து எடுத்தவர்களுக்கு திரும்பி வரும் ஆபத்து அதிகமாக இருந்தது.

ஆக, நிறுத்தும் முடிவை காலண்டரை மட்டும் பார்த்து எடுக்க முடியாது. ஸ்கேன் என்ன சொல்கிறது என்பதுதான் முதலில். மாதக்கணக்கு அதற்கு அடுத்தது.

சீக்கிரம் நிறுத்தினால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் நடந்த செக்மேட்-153 ஆய்வு ஒரு எச்சரிக்கை. நிவோலுமாபை ஒரு வருஷத்தில் நிறுத்தியவர்கள், தொடர்ந்து எடுத்தவர்கள் என்று இரண்டு பிரிவு. 2020-ல் முடிவு வந்தபோது, தொடர்ந்து எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் சராசரியாக இரண்டு வருஷத்தை தாண்டியது. ஒரு வருஷத்தில் நிறுத்தியவர்களுக்கு அது ஒன்பது மாதத்தை ஒட்டியே இருந்தது.

அதே நுரையீரல் புற்றுநோயில் இரண்டு வருஷத்தில் நிறுத்தினால்? 2023-ல் அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்ததில், இரண்டு வருஷத்தில் நிறுத்தியவர்களுக்கும் அதற்கு மேல் தொடர்ந்தவர்களுக்கும் உயிர் வாழ்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 79, 81 சதவீதம்.

மெலனோமா வேறு, நுரையீரல் புற்றுநோய் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வருஷத்தில் நிறுத்தினார் என்பதற்காக நாமும் நிறுத்த முடியாது. அவருக்கு எந்த உறுப்பில் நோய், ஸ்கேன் எப்படி இருந்தது என்பது தெரியாமல் ஒப்பிடுவது ஆபத்து.

மருந்து அட்டையில் உள்ள விதிகூட நோய்க்கு நோய் மாறுகிறது. பெம்ப்ரோலிசுமாபை எடுத்துக்கொண்டால், நுரையீரல் புற்றுநோய்க்கு அதிகபட்சம் 24 மாதம். அறுவை சிகிச்சையில் மெலனோமாவை எடுத்த பிறகு திரும்பி வராமல் இருக்க கொடுத்தால் 12 மாதம். பரவிய மெலனோமாவுக்கு மட்டும், நோய் வளரும் வரை அல்லது பக்கவிளைவு தாங்க முடியாமல் போகும் வரை என்று முடிவு தேதி இல்லாமல் விடப்பட்டிருக்கிறது. குழப்பமே இங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு நேரடி விடை தேட பிரிட்டனில் டான்டே என்ற ஆய்வு தொடங்கினார்கள். மெலனோமா நோயாளிகளை ஒரு வருஷத்தில் நிறுத்துபவர்கள், தொடர்பவர்கள் என்று பிரித்து ஒப்பிடுவது திட்டம். போதிய நோயாளிகள் சேராததால் அது முன்கூட்டியே மூடப்பட்டது. நல்லா இருக்கும் மருந்தை நிறுத்தும் பிரிவில் சேர யாருக்குத்தான் எளிதில் மனசு வரும்? கனடாவின் ஸ்டாப்-கேப், நெதர்லாந்தின் சேஃப் ஸ்டாப் ஆய்வுகளும், கட்டி சுருங்கியதும் மருந்தை நிறுத்திவிட்டு கவனிக்கும் முறையை சோதிப்பதற்காக உருவானவையே.

எந்தெந்த நிலையில் நிறுத்துகிறார்கள்?

மெலனோமாவில் மருத்துவர்கள் பொதுவாக நான்கு சூழ்நிலைகளில் நிறுத்துவதை பற்றி பேசுகிறார்கள்.

1. கட்டி முழுசாக மறைந்துவிட்டது. குறைந்தது ஆறு மாதமாவது மருந்து எடுத்திருந்து, மறைந்தது அடுத்த ஸ்கேனிலும் உறுதியானால், நிறுத்துவதை பற்றி பேசலாம்.

2. கட்டி சுருங்கி அப்படியே நிற்கிறது. இரண்டு வருஷம் என்பது பலர் வைத்திருக்கும் எல்லை. பெட் ஸ்கேனில் மிச்சக் கட்டி உயிர்ப்போடு இருக்கிறதா, வெறும் தழும்பா என்று பார்த்து சிலருக்கு அதற்கு முன்பே நிறுத்துகிறார்கள்.

3. நோய் வளர்கிறது. மருந்து கேட்கவில்லை என்றால் தொடர்வதில் பயன் இல்லை. ஆனால் முதல் ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாக தெரிந்ததும் பதற வேண்டாம். டி செல்கள் கட்டிக்குள் புகுந்து வீங்கச் செய்வதால் சிலருக்கு அப்படி தோன்றும். இது அபூர்வம்தான். நோயாளி தெம்பாக இருந்தால், சில வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள்.

4. பக்கவிளைவு கடுமையாகிவிட்டது. காசு இருந்தாலும் தொடரக்கூடாத நிலை இது.

நான்காவதில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. இரட்டை மருந்து எடுத்து, ஆரம்ப தவணைகளிலேயே பக்கவிளைவால் நிறுத்தியவர்களை தனியாக ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களுக்கு கிடைத்த பலன், தொடர்ந்து எடுத்தவர்களுக்கு கிடைத்ததற்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. "பாதியில் நிறுத்திட்டோமே, எல்லாம் போச்சே" என்று உடைந்துபோக வேண்டியதில்லை.

திண்டுக்கல்லில் இருந்து பார்த்தால் கணக்கு எப்படி?

வேடசந்தூர் பக்கம் ஒரு விவசாயி குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. வருஷத்துக்கு 17 தவணை. இரண்டு வருஷம் என்றால் 35 தவணை. கணக்கு எளிதாக இருக்க ஒரு தவணைக்கு 1 லட்சம் ரூபாய் என்று வைத்தால், ஒரு வருஷத்துக்கு 17 லட்சம், இரண்டு வருஷத்துக்கு 35 லட்சம். ஆறு மாதம் முன்னே பின்னே ஆனால் சுமார் 9 லட்சம் வித்தியாசம். சமவெளியில் ஒரு குடும்பம் நிலம் வைத்திருக்குமா, விற்றிருக்குமா என்பதை முடிவு செய்யும் தொகை அது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு திட்டத்தில், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மேலே சொன்ன கணக்கில், முழு தொகையும் இந்த மருந்துக்கே கிடைத்தாலும் ஐந்து தவணைதான் வரும். நான்கு மாதம் கூட ஆகாது. எந்த மருந்து, எந்த புற்றுநோய்க்கு, எவ்வளவு வரை திட்டத்தில் வரும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

அலைச்சல் தனி. திண்டுக்கல்லில் 2022 ஜனவரி 12-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் இந்த மாதிரி சிறப்பு சிகிச்சைக்கு மாவட்டத்து மக்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, பாலரெங்காபுரம் புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., அடையாறு புற்றுநோய் நிறுவனம் என்று போகிறார்கள். சென்னை என்றால் ஒரு ராத்திரி ரயில், ஒரு நாள் ஆஸ்பத்திரி, மறு ராத்திரி ரயில். கூட வருபவருக்கும் மூன்று நாள் கூலி போச்சு.

2025 மத்திய பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேர புற்றுநோய் சிகிச்சை மையம் அமைப்பதாக அறிவித்தார்கள். அது முழுசாக நடந்தால், பெரிய மருத்துவமனை திட்டம் போட்டுக் கொடுத்து, ஊசி மட்டும் சொந்த ஊரில் ஏற்றிக்கொள்ளும் வழி பிறக்கும்.

நாள் குறைக்க முடியாவிட்டால் வேறு வழி உண்டா?

இரண்டு வழிகள் பேசப்படுகின்றன.

ஒன்று, இடைவெளியை கூட்டுவது. பெம்ப்ரோலிசுமாபை மூன்று வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்பதற்கு பதில், ஆறு வாரத்துக்கு 400 மில்லிகிராம் என்று கொடுக்க 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது. நிவோலுமாபையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 480 மில்லிகிராமாக கொடுக்கலாம். மருந்து செலவு குறையாது. ஆனால் பயணம் பாதியாகும்.

இரண்டாவது, அளவை குறைப்பது. இதில் இந்தியாதான் முன்னோடி. டாடா நினைவு மருத்துவமனையில் முற்றிய தலை, கழுத்து புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான நிவோலுமாப் அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம்! குறைந்த செலவு மாத்திரைகளோடு இதை சேர்த்து கொடுத்ததில், ஒரு வருஷம் தாண்டியவர்கள் 16 சதவீதத்தில் இருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள்.

புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கும் வேடசந்தூர், சுருட்டுக்கு பேர் போன திண்டுக்கல். வாய், தொண்டை புற்றுநோய் இந்த பகுதிக்கு அன்னியம் அல்ல. அவர்களுக்கு இந்த முடிவு பெரிய செய்தி. ஆனால் அந்த ஆய்வு நடந்தது தலை, கழுத்து புற்றுநோயில். மெலனோமாவுக்கும் 20 மில்லிகிராம் போதும் என்று இதை வைத்து சொல்ல முடியாது.

நிறுத்திய பிறகு என்ன?

ஊசி நின்றாலும் ஆஸ்பத்திரி நிற்கக்கூடாது. பலர் தவறுவது இங்கேதான். "சரியாயிடுச்சு" என்று ஸ்கேனுக்கு போவதை விட்டுவிடுகிறார்கள். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ரத்த பரிசோதனை என்று தொடங்கி, பிறகு இடைவெளியை கூட்டுவார்கள்.

பக்கவிளைவும் கடைசி ஊசியோடு முடிவதில்லை. பிரேக் விடுபட்ட டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல், அட்ரீனல் சுரப்பி என்று எதையும் தாக்கலாம். நிறுத்தி சில மாதம் கழித்தும் இது வரலாம். திடீரென மூச்சு வாங்குவது, ஒரு நாளில் பலமுறை பேதி, கண் மஞ்சளாவது, தாங்க முடியாத சோர்வு, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று எது வந்தாலும், மெடிக்கலில் மாத்திரை வாங்கி சமாளிக்கக்கூடாது. உள்ளூர் மருத்துவரிடம் போனாலும் "இம்யூனோதெரபி எடுத்தவர்" என்று முதல் வார்த்தையாக சொல்ல வேண்டும். சாதாரண பேதி மருந்தும், ஸ்டீராய்டு தேவைப்படும் குடல் அழற்சிக்கான சிகிச்சையும் ஒன்றல்ல.

நோய் திரும்பினால் கதவு மூடிவிடுமா? கட்டாயம் இல்லை. கீநோட்-006-ல் மருந்தை முடித்து, பிறகு நோய் திரும்பிய 13 பேருக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்தார்கள். 7 பேருக்கு கட்டி மறுபடி சுருங்கியது அல்லது மறைந்தது. எண்ணிக்கை சின்னது. ஆனால் நிறுத்தினால் இரண்டாவது வாய்ப்பே இல்லை என்பது சரியல்ல என்று காட்ட அது போதும்.

முதல் ஊசிக்கு முன்பே கேட்க வேண்டியவை

- இது எந்த வகை புற்றுநோய்? இந்த வகையில் மருந்து எத்தனை பேருக்கு வேலை செய்கிறது?
- முதல் ஸ்கேன் எப்போது? அதில் என்ன தெரிந்தால் தொடர்வோம், என்ன தெரிந்தால் நிறுத்துவோம்?
- கட்டி முழுசாக மறைந்தால் எத்தனை மாதத்தில் நிறுத்தலாம்? மிச்சம் இருந்தால் அதிகபட்சம் எத்தனை மாதம்?
- எங்களால் இவ்வளவுதான் முடியும். அதற்குள் எத்தனை தவணை வரும்? பயோசிமிலர், நிறுவனத்தின் உதவி திட்டம், அரசு காப்பீடு எது கிடைக்கும்?
- ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும்படி மாற்ற முடியுமா?
- ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் யாரை கூப்பிடுவது?

நான்காவது கேள்வியை கேட்க பலர் கூச்சப்படுகிறார்கள். பணத்தை பற்றி பேசினால் மருத்துவர் அலட்சியமாக பார்ப்பாரோ என்று பயம். ஆனால் கையில் எட்டு தவணைக்குத்தான் காசு இருக்கிறது என்று மருத்துவருக்கு முதலிலேயே தெரிந்தால், ஸ்கேனை எந்த தவணைக்கு பிறகு வைப்பது, எந்த மருந்தை தேர்ந்தெடுப்பது, அல்லது இந்த மருந்தே வேண்டாமா என்று அவர் திட்டமிட முடியும். தெரியாவிட்டால், ஒன்பதாவது ஊசிக்கு நோயாளி வராமல் போவார். ஏன் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது.

காசு தீர்ந்து நிறுத்துவது வேற, திட்டம் போட்டு நிறுத்துவது வேற. இரண்டிலும் ஊசி நிற்கிறது. ஒன்றில் குடும்பம் குற்ற உணர்வோடு வீட்டுக்கு போகும், அடுத்த ஸ்கேனுக்கு வராது. இன்னொன்றில், எதற்காக நிறுத்தினோம், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற தேதியோடு போகும். "இன்னும் எத்தனை ஊசி?" என்ற கேள்வியை பத்தாவது ஊசியில் கேட்பதை விட, முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

(இது பொதுவான தகவல் மட்டுமே. மருந்தை தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எதுவானாலும் சிகிச்சை அளிக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் பேசியே முடிவெடுக்க வேண்டும்.)